சுண்டுவிரல் மட்டும் சொன்னது

அத்தியாயம் பதினேழு

போன வாரம், நஸீராவின் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவிக் கீபோர்டின் மேல் விழுந்த இடத்தில் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அதே இடத்தில் நிற்கிறாள். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

கீபோர்டு பிழைத்துக்கொண்டது. அவள் கணவர் கரீம் பாட்சா அதைக் கவிழ்த்துப் பிடித்து, தோல் துடைக்கும் துணியால் ஒற்றி, ஃபேனுக்கடியில் காயவைத்தார். மறுநாள் காலையில் எல்லா எழுத்தும் விழுந்தது.

"கை தவறிருச்சு" என்றாள் நஸீரா. யாருக்குத்தான் கை தவறாது? பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் அந்த மாதத்தில் அது ஐந்தாவது கிளாஸ். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். உடைந்த சில்லுகள் குப்பை அள்ளுபவரின் கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று ஒரு துணிப்பையில் போட்டு முடிந்து, ஏணிக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

தாராவியில் அவர்கள் வீடு கீழே ஒன்று, மேலே ஒன்றாக இரண்டே அறைதான். கீழே கரீம் பாட்சாவின் தோல் பைப் பட்டறை. மேலே குடும்பம். நடுவில் ஓர் இரும்பு ஏணி. நாலு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர்கள் பை வாங்குவதைக் குறைத்தபோது, நஸீராதான் மகள் ஷைஸ்தாவிடம் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டர் பழகினாள். பைகளைப் படம் பிடித்துப் போட்டாள். வாங்க வருபவர்களுக்குப் பதில் எழுதினாள். இப்போது பட்டறையில் தைக்கிற பத்துப் பையில் எட்டு, அவள் விரல் வழியாகத்தான் வெளியூர் போகிறது.

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு வரை. நடுவில் அடுப்பு, நடுவில் தொழுகை, மறுபடி ஸ்க்ரீன்.

இதெல்லாம் வந்த பிறகும் அந்த வீட்டில் ஒரு வழக்கம் மாறாமல் இருந்தது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு கரீம் பாட்சா மேலே ஏறி வருவார். ஒரே தட்டு. இருவரும் எதிரெதிரே சம்மணமிட்டு ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல, இது இரண்டு பேர் சஹன். மீன் முள்ளை அவர் எடுத்துப்போடுவார். அடிச்சோறு யாருக்கு என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், சண்டை ஓயவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் ஓய்ந்தது.

"நீங்க சாப்புடுங்க. எனக்கு நாலு பை ரிட்டர்ன் வந்து கெடக்கு. முடிச்சிட்டுச் சாப்பிடுதேன்."

முதல் நாள் அவர் காத்திருந்தார். பத்தாம் நாள் தட்டைக் கீழே கொண்டுபோய்விட்டார். அவளுக்கு இப்போது தன்னைவிடக் கம்ப்யூட்டர் பெரிதாகிவிட்டது என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று நினைத்துவிடுவாளோ என்ற கூச்சம்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

*

காலையில் ஷைஸ்தா டீ ஊற்றினாள். இருபத்தொரு வயது. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பும் கையில் போனுமாகத்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

"எடக்கையால ஊத்துதியே, என்ன பழக்கம் இது?" என்றாள் நஸீரா.

"அரே உம்மா, சோத்தாங்கையில போன் இருக்குல்லா. சின்னச் சின்ன விஷயத்துக்கு டென்ஷன் ஆவாதீங்க."

நஸீரா டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்தாள், குளிருக்குப் பிடிப்பதுபோல. மும்பையில் ஏது குளிர்?

அப்போது ஏணியில் காலடி கேட்டது. கரீம் பாட்சா வந்தார். பட்டறைக்குப் போடும் பனியன் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. கையில் அந்தத் துணிப்பை.

நஸீரா டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் பையைத் தரையில் வைத்தார். சில்லுகள் சலசலத்தன.

"அஞ்சு கிளாஸு," என்றார். "அடிப்பாகம் அஞ்சு இருக்கு. எண்ணிட்டேன்."

அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"செம்பூர்ல ஒரு எலும்பு டாக்டர் அம்மா இருக்காங்களாம். பதினோரு மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. கெளம்பு."

"இன்னிக்கு லேபிள் ஒட்ட வேண்டிய பார்சல் முப்பது இருக்கு, மச்சான்."

"நான் பாத்துக்கிடுதேன் உம்மா," என்றாள் ஷைஸ்தா கட்டிலிலிருந்தே. "என் மீட்டிங்கும் அதுவும் சேத்து ஓட்டிருவேன். நீங்க போங்க."

சொல்லிக்கொண்டே போய், அந்த உயர ஸ்டூலில் தாவி ஏறி உட்கார்ந்தாள்.

ஆமாம், அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் மேசையைப் பற்றி. கம்ப்யூட்டர் இருப்பது தோல் வெட்டும் மேசையில். நின்றுகொண்டு வெட்டுகிற ஆளுக்கென்று செய்த மேசை. பட்டறையில் இடம் பற்றாமல் போனபோது ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். அப்புறம் ஜன்னலுக்குக் கிரில் போட்டாயிற்று. ஏணி வழியாக இறங்காது, ஜன்னல் வழியாகப் போகாது. மேசை அங்கேயே தங்கிவிட்டது. அதன் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கினார்கள். ஸ்டூலின் உயரத்துக்கு நஸீரா பழகிக்கொண்டாள். கால் தரையில் படாது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியே இருக்கும். மேசையின் விளிம்பு மணிக்கட்டை அழுத்திக்கொண்டே இருக்கும்.

நாலு வருஷம்.

*

சயானில் ரயில் ஏறும்போது வழக்கம்போல அவர் பொது டப்பாவுக்கு, அதாவது பொதுப் பெட்டிக்குப் போனார், அவள் லேடீஸ் டப்பாவுக்கு. "குர்லாவுல வண்டி மாறணும். எறங்கி பிரிட்ஜ்கிட்ட நில்லு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு டப்பாவுக்கும் நடுவில் கம்பி வலை. அதன் வழியே அவருடைய பின்னந்தலை தெரிந்தது. நஸீரா பார்த்துக்கொண்டே நின்றாள். காதுக்குப் பின்னால் முடி இவ்வளவு வெளுத்துவிட்டதா? எப்போது? ஒரே கூரைக்கடியில் இருக்கிறோம். அவர் கீழே சுத்தியால் தட்டுவது என் காலுக்கடியில் கேட்கிறது. நான் ஸ்டூலை நகர்த்துவது அவர் தலைக்கு மேல் கேட்கும். ஆனால் முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? "கறுப்புப் பை ரெண்டு மேல அனுப்புங்க" என்பதைக்கூட போனில்தான் சொல்கிறேன்.

வலை வழியே கையை நீட்டி அந்த வெள்ளை முடியைத் தொட்டால் என்ன என்று தோன்றியது. தொட்டால்தான் என்ன, இந்த விரலுக்கு அது தெரியவா போகிறது?

குர்லா வந்துவிட்டது.

*

டாக்டர் விஜயலட்சுமிக்கு அறுபது வயதிருக்கும். மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"உக்காருங்கோ. எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு வாரமாத்தான் டாக்டர்."

"கிளாஸ் ஒடையறதுன்னு இவர் போன்ல சொன்னார், அது ஆரம்பிச்சது ரெண்டு வாரமா இருக்கும். மரத்துப்போக ஆரம்பிச்சது எப்போன்னு கேட்டேன்."

நஸீரா கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மாசம்," என்றாள் மெதுவாக.

கரீம் பாட்சாவின் தலை சட்டென்று திரும்பியது. ஏழு மாதம். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும்.

டாக்டர் அவளைக் கைகூப்பச் சொன்னார், ஆனால் தலைகீழாக. புறங்கை இரண்டும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வலது கைக்குள் எறும்புப் புற்று கலைந்ததுபோல ஊறியது. உதட்டைக் கடித்தாள்.

"போதும், எடுத்துடுங்கோ. இப்போ கண்ணை மூடிக்கோங்கோ. நான் பஞ்சால ஒவ்வொரு விரலாத் தொடுவேன். தெரிஞ்சா சொல்லணும்."

நஸீரா கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். காத்திருந்தாள். வெளியே ரோட்டில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. ஃபேன் சுற்றியது. இந்த அம்மா பஞ்சைத் தேடிக்கொண்டிருக்கிறார் போல.

ரொம்ப நேரமானதும் கேட்டாள். "டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலியா?"



கண்ணைத் திறக்கவில்லை என்றாலும், பக்கத்தில் அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது. இருபத்திரண்டு வருஷம் கேட்ட மூச்சு அல்லவா.

அப்புறம் சுண்டுவிரலில் ஏதோ மென்மையாகப் பட்டது, பூனை மீசைபோல.

"இப்ப தெரியுது! சுண்டுவிரல்ல!"

"தொறங்கோம்மா கண்ணை," என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது. "கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணையும் ரெண்டு தடவை தொட்டாச்சு."

மூன்று விரலுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது, அந்தச் சந்து வீங்கி நரம்பை நெருக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். தாராவிக்காரர்களுக்குச் சந்து என்றால் எதற்கு விளக்கம்? இரண்டு பேரும் உடனே புரிந்துகொண்டார்கள். சுண்டுவிரல் நரம்புக்கு மட்டும் வேறு வழி. அதனால் அது தப்பித்தது.

"கட்டைவிரலுக்குக் கீழ இந்த மேடு பாருங்கோ, கொஞ்சம் வத்தியிருக்கு. ஆறு வாரம் டயம் தரேன். ராத்திரி இந்த மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிண்டு தூங்கணும். உக்கார்ற விதம் மாறணும். ஆறு வாரத்துல திரும்பலைன்னா ஆபரேஷன்தான். இன்னும் தள்ளிப்போட்டா, ஆபரேஷன் பண்ணினாலும் முழுசா உணர்ச்சி வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"நாளையிலேருந்து கம்ப்யூட்டரே வேண்டாம் டாக்டர்," என்றார் கரீம் பாட்சா. "மான்குர்த்துல தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். அவனை ஒக்கார வச்சிருதேன்."

நஸீராவின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"இருங்கோ. கம்ப்யூட்டர் என்ன பண்ணித்து? மேசை எவ்வளவு உசரம்?"

"முப்பத்தெட்டு இன்ச். தேக்கு. கட்டிங் மேசை," என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

"அதுல உக்காந்துண்டா வேலை பண்றா?"

"ஒசரமா ஒரு ஸ்டூலு..."

சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார்.

ஒரு பெண் பட்டறைக்குள் நுழையும்போதே அவள் தோளைப் பார்த்து வார் எத்தனை இன்ச் என்று சொல்கிற மனிதர் அவர். அரை இன்ச் கூடினால் பை இடுப்பில் இடிக்கும், குறைந்தால் தோளைத் தூக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர். பட்டறையில் ஒரு ஆள் தோளைத் தூக்கிக்கொண்டு வெட்டினால் "பலகையைப் போட்டு ஏறி நில்லுவே" என்று அதட்டுபவர். தன் தலைக்கு மேலே, மாடியில், நாலு வருஷமாகத் தூக்கியே இருந்த ஒரு ஜோடித் தோளை அளந்து பார்க்கவில்லை.

"பாதம் தரையில படணும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரணும். மணிக்கட்டு வளையாம நேரா இருக்கணும்," என்றார் டாக்டர். "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துக்கணும். கண்ணும் வறண்டிருக்கு. இருபதடி தள்ளி இருக்கிறதைக் கொஞ்ச நேரம் பாக்கணும்."

"இருபதடியா?" நஸீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஜன்னலுக்கு நாலடியில அடுத்த வீட்டுச் சுவரு டாக்டர். அதுக்கு மேல பாக்கணும்னா சுவருக்கு ஓட்டை போடணும்."

டாக்டரும் சிரித்தார். "கீழ எறங்கினா?"

"கீழ இவங்க பட்டறை. கதவத் தொறந்தா சந்து முனை வரைக்கும் தெரியும்."

"அப்போ எறங்கி வந்து இவரைப் பாருங்கோ. அரை மணிக்கு ஒரு தரம். மருந்துச் சீட்டுல எழுதிடட்டுமா?"

எழுதியே விட்டார். கரீம் பாட்சா அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காது நுனி சிவந்திருந்தது.

*

செம்பூர் பிளாட்பாரத்தில் கூட்டம் இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் புதுப் பட்டை, பெட்டி பிரிக்காமல்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வியன்னு இப்ப பாத்துட்டேன்லா. மான்குர்த்துப் பையன்."

அவர் சட்டைப்பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மச்சான், ஐதராபாத்துலேருந்து ஒரு பொம்பள எழுதுதா. 'நஸீராஜி, நீங்க எடுத்துச் சொன்ன பைய எங்க உம்மாவுக்கு வாங்குனேன்'னு. நாக்பூர்ல ஒரு டீச்சரம்மா. எல்லாரும் எம்பேரைச் சொல்லித்தான் எழுதுதாங்க. இந்தச் சந்துல எனக்கு இத்தன வருசமா என்ன பேரு? பாய் வீட்டம்மா. அவ்வளவுதான். அந்த எடத்த யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரல."

"அதுக்காகக் கையக் குடுப்பியா?"

"குடுக்க நெனச்சா குடுத்தேன்? தன்னால சரியாயிரும்னு இருந்தேன்." பட்டைப் பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினாள். "தட்டுல சோத்தப் பெசைஞ்சு எடுத்தா, வாய்க்கு வரும் முன்னாடி கொட்டிரும். விரலுக்கு நடுவுல சோறு இருக்கா இல்லையான்னே தெரியாது. மூணு நாள் ஒங்க கண்ணுல படாம சமாளிச்சேன். நாலாம் நாள் ஒங்க பக்கமே சிந்திருச்சு. நீங்க மீனைப் பாத்துக்கிட்டு இருந்திய. அப்புறம்தான்..."

"ரிட்டர்ன்," என்றார் அவர்.

"ரிட்டர்ன்லாம் அன்னிக்கு ஒண்ணுகூட இல்ல."

மேலே போகிற பாலத்தில் யாரோ ஓடினார்கள். ஒரு ரயில் நிற்காமல் போயிற்று.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார். "நம்ம கூட ஒக்கார இவளுக்கு இனி நேரமில்ல. பெரிய மனுசி ஆயிட்டான்னு நெனச்சேன். கீழ ஒத்தையில ஒக்காந்து சாப்புடும்போது மேல ஸ்டூல் சத்தம் கேக்கும். சோறு எறங்காது புள்ள."

சொல்லிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவள் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

நஸீரா பார்த்தாள். அவருடைய பருத்த கை தன் கையை மூடியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. தடித்த கையுறைக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பதுபோல இருந்தது. எத்தனை மாதம் ஏங்கிய கை! இதோ வந்துவிட்டது, வந்தும் வந்து சேரவில்லை.

அப்போதுதான் கையின் ஓரத்தில், கடைசியில், ஒரு சொரசொரப்பு. கத்தி பட்டு ஆறிய பழைய தழும்பு. அவருடைய ஆள்காட்டி விரலில் இருப்பது. கல்யாணமான புதிதில் அவள் எண்ணெய் தடவிய தழும்பு.

"சுண்டுவிரலு," என்றாள். "அங்க மட்டும் தெரியுது."

அவர் கையை மெல்ல விடுவித்தார். சுண்டுவிரலை மட்டும் தன் விரலால் கோத்துக்கொண்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை தீர்ந்து சேர்வதுபோல.

ரயில் வந்தது. அவள் பழக்கத்தில் லேடீஸ் டப்பா பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு என் டப்பாவுல வா," என்றார்.

*

"என்ன பாய், நல்ல தேக்க அறுக்கச் சொல்லுதிய! தேக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?"

மாசானம்தான். பட்டறையில் பதினெட்டு வருஷமாகத் தோல் வெட்டுபவர். ரம்பத்தோடு ஏணி ஏறி வந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கீழ எறக்க முடியாது, அண்ணாச்சி. அறுக்கத்தான் செய்யணும்."

"கிரிலு போடுதப்பவே சொன்னேன், மேசைய வெளிய எடுத்துட்டுப் போடுங்கன்னு. யாரு கேக்கா? மாசானம் சொன்னா எடுபடுமா?"

"நீங்க எப்ப சொன்னிய?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

நஸீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரீம் பாட்சா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்தார். முட்டி போட்டு அமர்ந்து, முதலில் அவள் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படுகிறதா என்று பார்த்தார். தோளைத் தொட்டு, "தளர விடு" என்றார். தோள் இறங்கியது. "இன்னும்." இன்னும் இறங்கியது. இவ்வளவு இறங்குமா என்று அவளுக்கே ஆச்சரியம். தரையிலிருந்து முழங்கைக்கு டேப்பைப் பிடித்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"இருபத்தேழரை."

"ஒரு தடவ அளந்தா போதாதா பாய்?" என்றார் மாசானம். "பைக்கு ஒரு தடவதான அளப்பிய."

"ஒம்ம வேலையப் பாரும்வே."

மேசையைச் சாய்த்து நாலு காலிலும் பத்தரை இன்ச் அறுத்தார்கள். தேக்குத் தூள் மணம் அறை முழுக்க நிறைந்தது. ஷைஸ்தா கம்ப்யூட்டரைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு அங்கேயும் வேலை பார்த்தாள், ஒரு கையில் மவுஸ், ஒரு கையில் போன். நிமிர்த்தி வைத்த மேசைமேல், பார்வைக்கு நேராக வரும்படி ஒரு லேபிள் பெட்டியின் மேல் ஸ்க்ரீனை ஏற்றினார்கள்.

நஸீரா உட்கார்ந்தாள். கையை வைத்தாள். மேசை விளிம்பு மணிக்கட்டைக் கடிக்கவில்லை.

"அரை மணிக்கு ஒரு தரம் எறங்கணும்," என்றார் கரீம் பாட்சா. "நீ கடிகாரத்தப் பாக்க மாட்டே. எனக்குத் தெரியும். கீழ பைக்குச் சொல்யூஷன் பசை தடவிக் காய வைக்கோம்லா, அது ரெண்டு தடவ காயிறதுக்கு அரை மணி ஆவும். ரெண்டாவது காஞ்சதும் நான் சுத்திக்காம்பால கூரையத் தட்டுதேன். ரெண்டு தட்டு. எறங்கி வந்துரணும்."

"வேலை நடுவுல இருந்தா?"

"டாக்டர் சீட்டு சட்டப்பையில இருக்கு," என்றார்.

மாசானம் ரம்பத்தைத் துடைத்தபடி, "நல்லாருக்கு. இனிமே பட்டறையில சொல்யூஷன் தண்ணியாக் கலக்க மாட்டாரு முதலாளி. சீக்கிரம் காயணும்லா!" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார்.

*

மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் ஆயிற்று. கரீம் பாட்சா ஒரே தட்டைத் தரையில் வைத்தார்.

நஸீரா தயங்கினாள்.

"கொட்டினா கொட்டட்டும்," என்றார். "தொடைக்கத் துணியா இல்ல?"

முதல் கவளம் பாதி வழியிலேயே சிந்தியது. இரண்டாவதை அவர் உருட்டிக் கொடுத்தார். மூன்றாவதைச் சுண்டுவிரலையும் சேர்த்து அணைகட்டி அவளே எடுத்தாள். வாய்க்கு வந்து சேர்ந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்துக்கு எதிரே சாப்பிட்ட முதல் வாய். உப்புக் கொஞ்சம் கம்மி. சொல்லவில்லை.

"அடிச்சோறு எனக்கு," என்றார் அவர்.

"அதெப்படி? நாந்தான நோயாளி."

"ஷைஸ்தா, வா நீயும். பஞ்சாயத்து பண்ணு."

கீழே யாரோ கூப்பிட, கரீம் பாட்சா கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார். ஷைஸ்தா லேப்டாப்பை மூடிவிட்டு வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தாள். தட்டில் கைவைத்துப் பிசைந்தாள். எடுத்தாள்.

விரல் நுனியிலிருந்து சோறு பொலபொலவென்று தட்டிலேயே உதிர்ந்தது.

ஷைஸ்தா கையை இரண்டு முறை வேகமாக உதறினாள். ஈரத்தை உதறுவதுபோல. பிறகு துப்பட்டாவுக்கடியில் மறைத்துக்கொண்டாள். "பசியில்ல உம்மா" என்றாள்.

அந்த உதறலை நஸீராவுக்குத் தெரியும். ஏழு மாதமாக விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன் அவள் உதறிய உதறல். காலையில் இடக்கையால் ஊற்றிய டீ கண்முன் வந்தது.

"கையக் கழுவிட்டு வா."

"என்ன உம்மா?"

"வான்னா வா."

மகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் மல்லாத்தி வைத்தாள் நஸீரா. இருபத்தொரு வயதுக் கை. போன பெருநாளுக்கு இட்ட மருதாணி நகத்தில் பிறைபோல மிச்சமிருந்தது.

"கண்ண மூடு."

ஷைஸ்தா சிரித்துக்கொண்டே மூடினாள். "க்யா கேம் ஹை யே? என்ன வெளையாட்டு உம்மா இது?"

நஸீரா தன் துப்பட்டாவின் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி எடுத்தாள். அதன் நுனியை மகளின் கட்டைவிரலில் வைத்தாள். மெல்ல நகர்த்தினாள். ஆள்காட்டி விரலுக்குக் கொண்டுபோனாள். மறுபடி கட்டைவிரலுக்கு.

கீழேயிருந்து கூரையில் தட்டு கேட்டது. டொக். டொக்.

நஸீரா அசையவில்லை.

"உம்மா," என்றாள் ஷைஸ்தா, மூடிய கண்ணைத் திறக்காமலே. "இன்னும் ஆரம்பிக்கலியா?"